முட்டட்டும் விடு

"சாவியக் குடுங்க அண்ணி!"

"குடுக்க மாட்டேன். உங்க அண்ணன் வாயாலதான்…"

"அவரு சாகப் போறாரு!"

"…அவர் வாயாலதான் சொன்னாரு. நான் கால்ல விழுந்து கெஞ்சினாலும் திறக்காதேன்னு. தானே உள்ள போய்ப் பூட்டச் சொன்னாரு."

பூட்டிய அறைக்குள் அவள் கணவர், வெல்டர், கட்டில் சட்டத்தைப் பிடுங்கிக் கதவை அடித்துக்கொண்டிருந்தார். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நின்று வேலை ஓடும் என்ற நிலைக்கு வந்தவர். முந்தாநாளிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

"பொறி! சுவரெல்லாம் பொறி பறக்குது! சிலிண்டர் வெடிக்கப்போகுதுடி!"

"கேட்டியா? படுக்கிற ரூம்ல ஏது சிலிண்டர்? போன தடவை நெஞ்சுவலி, இந்தத் தடவை பொறி. மனுஷன் சினிமாவுல நடிக்கப் போயிருந்தா நமக்கு மாடி வீடே இருந்திருக்கும்."

"ஆஸ்பத்திரியில குடிய நிறுத்த வைத்தியம் இருக்கு அண்ணி."

"குடிக்காம இருக்கிறதுக்கு வைத்தியம் வேறயா? வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதாதா?"

நாத்தனார் ஜன்னல் கம்பிகளுக்கிடையே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "அண்ணா, நான்தான். குடிங்க."

செம்பு தெறித்தது. உள்ளிருந்து வந்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியோடு வைத்து முறுக்கியது. "எவன்டா நீ? என்னையா கொளுத்த வந்தே?" எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. மனைவி தையல் மிஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பிடியால் அவர் விரல்களில் அடித்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்த பிறகும் அடித்தாள். கடைசியில் கை உள்ளே போயிற்று.

"என்னை அடையாளமே தெரியல அண்ணி." நாத்தனார் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"பாட்டிலை மட்டும் இருட்டுலகூட அடையாளம் தெரியும்."

அப்போதுதான் கதவின் அடியில் அந்தச் சத்தம் தொடங்கியது. தட், தட், தட் என்று ஒரே சீராக.

"தலையால முட்டுறாரு அண்ணி!"

"முட்டட்டும் விடு. திமிர் அடங்கட்டும்."

அடங்கியது. மனைவி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். "பாத்தியா? ஜெயிச்சுட்டோம்." வெட்டிவைத்திருந்த ரவிக்கைத் துணியைக் கிழித்து நாத்தனாரின் கைக்கு நிதானமாகக் கட்டுப் போட்டாள். முடிச்சைக்கூட இரண்டு தடவை சரி பார்த்தாள்.

கதவிடுக்கில் சிவந்த நுரை வழிந்து வந்ததை முதலில் பார்த்தவள் நாத்தனார்தான். பூட்டைத் திறந்தும் கதவு நகரவில்லை. உடம்பு குறுக்கே கிடந்தது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தார். மூச்சை மிஷின்தான் இழுத்தது.

"தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்மா," என்றாள் டாக்டர். "கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும். வலிப்பு வரும், உயிரே போகும். இங்க படுக்க வச்சு மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்."

"நல்லதுக்குத்தான் பூட்டினேன் டாக்டர். அவரே கேட்டாரு."

"புரியுதும்மா. முட்டுற சத்தம்னு சொன்னீங்களே, அதுதான் வலிப்பு. மூளைக்குக் காத்து எவ்வளவு நேரம் போகலேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சத்தம் நின்ன உடனே கதவத் திறந்தீங்கதானே?"