பருப்பு வேகாத தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோயிலில் சாம்பார் வாளி தூக்குவது ரமணனுக்குப் பிடித்த வேலை. வாரம் முழுக்கக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, அன்னதானப் பந்தியில் வேர்க்க வேர்க்கப் பரிமாறினால் புண்ணியம் கைமேல் கிடைத்த மாதிரி. புக்கிட் மேராவிலிருந்து வெள்ளை வேட்டியில் வருவான். கறைபடாமல் வீடு திரும்புவதில் ஒரு பெருமை வேறு. தண்ணீர் சோதிக்கும் நிறுவனத்தில் வேலை என்பதையும் பந்தியில் எல்லோருக்கும் சொல்லியிருந்தான்.

கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கி நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் மருதப்பன் வாராவாரம் சாப்பிட வருவான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, "பருப்பு பூவா வெந்திருக்குண்ணே. எங்க வீட்டுல எவ்வளவு நேரம் வெச்சாலும் வேக மாட்டேங்குதாம்," என்றான். ஊர்ப்பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு அடிபம்புத் தண்ணீர் கரிக்கிறதாம், டீ போட்டால் பால் திரிகிறதாம். ஒரு வயதுகூட ஆகாத மகளுக்கும் அதில்தான் பால்மாவு கரைக்கிறார்கள். எந்த ஊர் என்று ரமணன் கேட்டான். நாணற்குடி.

ரமணனுக்கு வாளி கனத்தது. அந்த எண்ணெய்க் கம்பெனிக்காக நாணற்குடித் தண்ணீரைச் சோதித்தது அவன் நிறுவனம்தான். உப்பும் பேரியம் என்ற நச்சு உலோகமும் எகிறிக் கிடந்ததை அவனே திரையில் பார்த்திருந்தான். கம்பெனி சம்மதிக்காமல் வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும்.

"காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தான்.

யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பதில்தான். இவன் சொல்லலாமா? காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகுமா? தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். தெரிந்தேதான் சொன்னான். அந்த வாரம் முழுக்க வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் மருதப்பனை அழைத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மருதப்பன் சிரித்த முகமாக வந்தான். அண்ணனுக்கென்று பண்ணையில் கேட்டு வாங்கிய கறிவேப்பிலைக் கன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீரைப் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சித்தான் பாப்பாவுக்குக் கொடுக்கிறார்களாம்.

"சிங்கப்பூர்ல தண்ணி டெஸ்ட் பண்றவரே சொன்னாருன்னு சொன்னேன். இப்ப தெருவே அப்படித்தான் செய்யுதுண்ணே."

ரமணன் வாளியைத் தரையில் வைத்த வேகத்தில் சாம்பார் வேட்டியெல்லாம் தெறித்தது.

"காய்ச்ச வேணாம் தம்பி. காய்ச்சினா உப்பு இன்னும் ஏறிடும். அந்தத் தண்ணியே பாப்பாவுக்கு ஆகாது. வெளியூர்த் தண்ணி வாங்கச் சொல்லுங்க."

மருதப்பன் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"போன வாரமே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

கத்துவான், கன்றைத் தூக்கி எறிவான் என்று ரமணன் எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். மருதப்பன் இடது கையால் போனை எடுத்து மனைவி பவித்ராவை அழைத்தான். அண்ணன் பேசணுமாம் என்று மட்டும் சொன்னான். பிறகு போனை ரமணனிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க."

ரமணன் வாங்கிக் காதில் வைத்தான்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் அவள், அவ்வளவு மரியாதையாக. "மெதுவாப் பேசுறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பாப்பா இப்பத்தான் குடிச்சிட்டுத் தூங்குறா."