குழைந்த பாஸ்தா

"ரொம்ப வேகவிட்டுடாதீங்க. கடிச்சா நடுவுல கொஞ்சம் விறைப்பு தட்டணும், அதுதான் பக்குவம்" என்று சமையலறை ஜன்னலுக்குள் தலையை நீட்டி நாக்கு சார் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. அடுப்பில் பக்குவம் பார்க்கிற நேரத்தில் பேச்சுக் கூடாது என்பது அவருடைய கட்சி.

நாக்கு சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். முப்பத்து நான்கு வருடமாகத் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலை. நீள மேசையில் நாற்பது கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. சிலர் வேலையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் பாவம், நாக்கை எங்கே விட்டுவிட்டு வருவார்?

இத்தாலியச் சாப்பாடு என்று பேச்செடுத்தால் அவருக்கு உலகத்தில் இரண்டே கடைகள். ஒன்று, இப்போது நிற்கிற ஏரிக்கரைக் கடை. இருபதாவது கல்யாண நாளுக்கு மனைவியை இங்கே அழைத்து வந்தார். அன்று சாப்பிட்டதைப் பற்றிப் பதினான்கு வருடமாகப் பேசுகிறார். இன்னொன்று, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற ஸ்டேஷன் கடை. மகள் பரீட்சையில் தேறியதற்காக அவள் ஆசைப்பட்டாள் என்று ஒரே ஒரு தரம் போனார்கள். ஒரு வாய் வைத்தார், முள்கரண்டியைக் கீழே போட்டார், சமையல்காரரை வெளியே கூப்பிட்டார். "சாஸ்ல சர்க்கரை. பாஸ்தா குழைஞ்சு கூழாயிடுச்சு. பல்லு இல்லாதவங்களுக்கா சமைக்கிறீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். தட்டுகள் அப்படியே இருக்க எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதற்கும் ஒரு அதட்டல் வாங்கிக்கொண்டாள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

இன்று காலையில் நடந்ததுதான் வேடிக்கை. மனைவிக்கு ஏழு மாதமாகத் தொண்டையில் நோய். நான்கு நாளாக ஸ்பூனில் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கண்ணைத் திறந்து, தெளிவாகச் சொன்னாள்.

"அந்த ஸ்டேஷன் கடை பாஸ்தா கொஞ்சம் கிடைச்சா சாப்பிடுவேன்."

அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "சாப்பிடுறியா? இதோ போறேன். ஆனா அந்தக் கடையிலயா? அதை மனுஷன் சாப்பிடுவானா? இரு, ஏரிக்கரைக்கே போய் வாங்கிட்டு வரேன்."

"ஸ்டேஷன்லயே போதுங்க."

"நீ சும்மா இரு. உனக்கு நல்லதா வாங்கிட்டு வரேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவரோடு வாதாடுவதைக் கல்யாணமான இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டவள் அவள். காலைநேர நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏரிக்கரைக்கு ஒரு மணி நேரப் பயணம். கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பூட்டிய கதவின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார்.

பொட்டலத்தை மடியில் வைத்து டாக்ஸியில் உட்கார்ந்த பிறகு கைபேசியைப் பார்த்தார். ஐந்து அழைப்புகள், ஐந்தும் மகள். திருப்பிக் கூப்பிட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேம்மா. இன்னும் சூடு ஆறல. அம்மாவைத் தூங்க விட்டுடாதே, எழுப்பி உட்கார வை."

 "மெதுவா வாங்கப்பா" என்றாள்.

மெதுவாக வா என்று யாராவது சொன்னால் மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? அவருக்கு வரவில்லை. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னார், பள்ளம் வந்தபோது பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரம்மா அவர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

மனைவியின் தலைமுடியை யாரோ வாரி விட்டிருந்தார்கள். தலையணை நேராக இருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நர்ஸ் போன் பண்ணதும் ஓடி வந்தேன்" என்றாள் மகள். "அம்மா அரை மணி நேரம் நல்லாப் பேசினாங்க. அப்பா பாஸ்தா வாங்கப் போயிருக்காருன்னு சொன்னாங்க. நீங்க ஸ்டேஷன் கடைக்குத்தான் போயிருக்கீங்கன்னு நினைச்சேன். இல்லன்னா நானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருப்பேன்."

"எங்க போனேன்னு சொல்லலையா?"

"இல்ல. வந்துட்டாரா, வந்துட்டாரான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அவ்வளவுதான்."

"நல்ல கடையில வாங்கலாம்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அதை நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தாலும் அம்மாவுக்கு இறங்கியிருக்காதுப்பா. ஸ்டேஷன் கடையிலதான் குழைய விடுவாங்க. மெல்லவே வேண்டாம். மூணு மாசமா நீங்க ஆபீஸ் போனப்புறம் நான்தான் வாங்கிட்டு வந்து குடுத்துட்டிருந்தேன். இந்த நாலு நாளா நீங்க வீட்டுலயே இருந்தீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுவீங்கன்னு அம்மாவுக்குப் பயம்."



எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஏரிக்கரைப் பொட்டலத்தை என்ன செய்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தே ஸ்டேஷன் கடைக்குப் போனார்.

கடை மாறவேயில்லை. அதே பிளாஸ்டிக் விரிப்பு, அதே சமையல்காரர், முடி மட்டும் நரைத்திருந்தது. அவர் தன்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கூடாதே என்று நாக்கு சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பலிக்கவில்லை.

"வாங்க சார். பொண்ணு சொன்னாங்க. மனசே கேக்கல."

"என்னை ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற மாதிரியா பேசினீங்க?" என்று சிரிக்கப் போய், சிரிக்காமல் நிறுத்தினார் சமையல்காரர். "நீங்க திட்டிட்டுப் போன மறுநாளே அம்மா வந்தாங்க. அவர் நாக்குதான் அப்படி, மனசுல ஒண்ணும் இல்ல, தப்பா எடுத்துக்காதீங்கன்னாங்க. சொல்லிட்டுப் போயிடலாம்ல? உட்கார்ந்து ஒரு தட்டு முழுசாச் சாப்பிட்டாங்க. அப்புறம் மாசம் ஒரு தடவையாவது வந்துடுவாங்க. முடியாமப் போனதுக்கு அப்புறம்தான் பொண்ணு வர ஆரம்பிச்சாங்க."

"எங்க உட்காருவா?"

அவர் காட்டியது சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருந்த ஒற்றை மேசை. நாக்கு சார் அங்கே போய் உட்கார்ந்தார். பதினோரு வருடம், மாதம் ஒரு தடவை. அன்றெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை.

தட்டு வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார். சாஸில் சர்க்கரை. பாஸ்தா நாக்கில் பட்டதுமே கரைந்தது, பல்லுக்கு வேலையே இல்லை. முப்பத்து நான்கு வருடப் பழக்கம், வார்த்தை தானாகவே தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வார்த்தையையும் சேர்த்து விழுங்கினார்.

ஜன்னலுக்குப் பின்னால் சமையல்காரர் கைத்துண்டைத் தோளில் போட்டபடி அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாக்கு சார் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது வாய் எடுத்தார்.