கைக்கெட்டிய விளக்கு

கூதிர்க்காலத்து மூடுபனி வால்செராப் பள்ளத்தாக்கை நனைந்த கம்பளியெனப் போர்த்திக் கிடக்க, இலையுதிர்ந்த கஷ்கொட்டை மரங்கள் மழைநீர் சொட்ட நிற்க, ஆற்றங்கரைப் படச்சுருள் ஆலையின் சங்கொலி மலைச்சரிவெங்கும் பரந்து எதிரொலித்த விடியற்பொழுது அது. போர் முடிந்து பல்லாண்டு கழிந்தும் கறுப்புடை களையாத கைம்பெண்களும், மணமாகாத நங்கையரும் அவ்வொலிக்கு இறங்கி வந்தனர். கற்றறிந்த அன்பரே, ஒளிபட்டாற் கெடும் சுருளை அறுத்துச் சுற்றும் அறையில், விழி திறந்திருந்தும் குருடராய், விரல்களையே கண்களாகக் கொண்டு உழைத்தவர் அவர்.

அவருள் தெல்பீனா போரிற் கணவனை இழந்து ஒரு மகளை வளர்ப்பவள். அருகில் நின்று உழைத்த இல்வாவோ இருளையும் நகையாட்டால் நிறைப்பவள்.

"இன்னைக்கும் வெங்காயமாடி? உன் மூச்ச மோந்தே நான் வீடு போய்ச் சேந்துருவேன்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

"இந்த இருட்டுல எதடி பாக்குறது?"

அறையெங்கும் அடங்கிய சிரிப்பு எழுந்து தணிவதற்குள், சுழலும் அறுப்பலகு இல்வாவின் சட்டைக்கையைப் பற்றி இழுத்தது.

"தெல்பீனா, வெளக்கப் போடு. கை மாட்டிக்கிச்சு."

பொறியை நிறுத்தும் பிடியைத் தேடிய கைகள் இருளில் ஒன்றோடொன்று மோதித் தடுமாறின. விளக்கின் விசையோ தெல்பீனாவின் உள்ளங்கைக்குக் கீழேயே இருந்தது. அவள் அழுத்துமுன் மேற்பார்வையாளர் ஒத்தாவியாவின் குரல் எழுந்தது.

"யாரும் வெளக்கத் தொடாதீங்க. முதல்ல சுருள மூடுங்க. அது கெட்டா நாளைக்கு ஒருத்திக்கும் வேலை இல்ல."

மகளின் பசித்த முகம் மனத்தெழ, தெல்பீனா விசைமேல் கைவைத்தவாறே, தன் பெயர் மீண்டும் மீண்டும் அழைக்கப்படுவதைக் கேட்டு நின்றாள். சுருள் மூடப்பட்டு விளக்கெரிந்தபோது இல்வாவின் வலக்கையில் விரல்கள் இல்லை. ஆணையிட்ட ஒத்தாவியாவே சுவரில் சாய்ந்து விம்மினாள்.

ஆலை இல்வாவை வேலையினின்று நீக்கியது. பனி பொழியத் தொடங்கிய ஒரு ஞாயிறன்று, கஷ்கொட்டை மாவிற் சுட்ட அடையுடன் தெல்பீனா அவள் வாயிலில் நின்றாள்.

"வெளக்கு உன் கைகிட்டதான இருந்துச்சு?"

"ஒத்தாவியா சின்னோரா வேண்டாம்னு சொன்னா, இல்வா."

"அவ சொன்னா. கூப்பிட்டது நான்டி."

கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது.

மறுநாளும் சங்கு ஊதியது. தெல்பீனா இறங்கிச் சென்றாள், செல்லாதிருக்க வழியில்லாமையால். அதன்பின் அவ்விருளில் எவரும் நகையாடவில்லை. அன்று காக்கப்பட்ட சுருள் தொலைநகரங்களில் விலைபோய், அறியாதார் திருமணங்களிலும் கடற்கரைகளிலும் மலர்ந்த முகங்களைத் தன்னுட் பதித்துக்கொண்டது. அஞ்சி நின்றவளைப் பழித்தல் நமக்கு எளிது. அவளுக்கோ பழிப்பாரும் வேண்டியிருக்கவில்லை. பின்னர் வாழ்ந்த ஆண்டுகள்தோறும், பகலிலும், மகளே அருகமர்ந்து அழைத்தபோதும், தன் பெயரைக் கேட்டவுடன் அவள் கை விளக்கின் விசையைத் தேடிற்று.