முப்பது நிமிடப் பசை

விடுமுறை நாள் காலையில், பரணிலிருந்து பழைய போர்வையை இழுக்கப் போனவளின் கையில் பொம்மை விமானத்தின் உடைந்த இறக்கை வந்து விழுந்தது. சிவப்புப் படலம் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்த, பால்சா என்கிற லேசான மரத்தில் வெட்டிய சட்டங்கள் மீன்முள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் அதைச் சமையலறை மேடைக்கு எடுத்துவந்தாள். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுடையது. தக்காளி வாங்கினாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் பையில் போடமாட்டாள். இறக்கையையும் ஜன்னல் பக்கம் சாய்த்தாள். சாய்த்தவள், கைப்பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்துவந்து, அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து நின்றுவிட்டாள்.

அந்த இறக்கை இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டது. இரண்டையும் நடுவில் சேர்த்துப் பிடிப்பது ஓர் அலுமினியக் குழாய். குழாயை இரு பக்கத்துத் துளைகளிலும் செருகி, ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவங்களைக் கலந்து செய்கிற எபாக்சிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். இப்போது குழாய் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்துத் துளைக்குள் பசை அப்படியே இருந்தது, நகச்சாயம் பூசியதுபோல வழவழவென்று. மரத்தில் ஒரு நார்கூடக் கிழியவில்லை. நன்றாக ஒட்டிய இடம் உடைந்தால் மரம்தான் பிய்ந்துகொண்டு வரவேண்டும். இங்கே குழாய், உறையிலிருந்து கத்தியை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டு வந்திருக்கிறது. உருப்பெருக்கியை அப்படியே நகர்த்தினாள். மேல்பக்கத்து நீளச் சட்டம் ஓரிடத்தில் நசுங்கி மடிந்திருந்தது. பாய்ந்து இறங்கும் விமானத்தை ஒரே வெட்டாக மேலே இழுத்தால் தவிர அந்தச் சட்டம் அப்படி நசுங்காது.

"அட கடவுளே," என்றாள் வாய்விட்டு. "ரெண்டு பேரும் சொன்னது சரி."

அந்த இரண்டு பேர், அவள் கணவனும் அவள் தம்பியும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். மாமனுக்குச் செய்வதில் ஆசை, மச்சானுக்கு ஓட்டுவதில் ஆசை. ரிமோட்டில் பறக்கிற விமானங்களாகச் செய்து செய்து, வீட்டுக்கூடம் ஒரு சின்ன விமானநிலையமாகவே ஆகியிருந்தது. அவளுக்கு வாய்த்தவை மற்ற வேலைகள்: பசை வாங்கிவருவது, காய்கிறவரை இறக்கையைப் பிடித்துக்கொள்வது, மரத்தூளைப் பெருக்குவது. "அங்க புடி", "அசையாத", "விட்டுடாத". இந்த மூன்று சொற்களில் அவளுடைய விடுமுறை நாட்கள் எல்லாம் கழிந்தன.

பிறகு அந்தச் சிவப்பு விமானம், மைதானத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடுவானில் இரண்டாக மடிந்தது.

"ஆம்புலன்ஸ் ஓட்டற மாதிரி ஓட்டினா இறக்கை என்னடா பண்ணும்?" என்று கத்தினான் கணவன்.

"நீங்க ஒட்டினது இறக்கையா மாமா, இல்ல தபால் உறையா?" என்றான் தம்பி.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. "உன் தம்பிகிட்ட சொல்லிடு, என்னோட துளைபோடற மிஷின் அவன் வீட்ல இருக்குன்னு." "மாமாகிட்ட சொல்லுக்கா, அது ரிப்பேர்னு." நடுவில் அவள் தபால்காரியாக அலைந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது கணவன் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினான், தான் வாங்கியதாகச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. தம்பி பழத்தைத் தின்றுவிட்டு, "மாமா வாங்கினதுதானே? பொறுக்கி எடுத்திருக்காரு பாரு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கணவன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தான். இறக்கையைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அத எதுக்கு எடுத்த?"

"அஞ்சு நிமிஷத்துல இறுகற பசை போட்டீங்களா இதுக்கு?"

துண்டு தலையிலேயே நின்றது.

"இவ்ளோ பெரிய இறக்கைக்கு முப்பது நிமிஷப் பசைதானே போடணும்? குழாயையும் உப்புத்தாளால தேய்க்கல. உள்ள செருகறதுக்குள்ளயே பசை இறுக ஆரம்பிச்சிருக்கு."

"மறுநாளே பறக்கணும்னு அவன் குதிச்சான். வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கறான். நான் என்ன பண்றது?" என்றவன், சற்றுப் பொறுத்து, "அப்ப அவன் சொன்னதுதான் சரியா?" என்றான்.

"அவன் சொன்னதும் சரி. நீங்க சொன்னதும் சரி." நசுங்கிய சட்டத்தைக் காட்டினாள். "இப்படி வெட்டி இழுத்தா நல்ல ஒட்டே திணறும். உங்க ஒட்டு திணறக்கூட இல்ல."

தப்பு தன்மேல்தான் என்றிருந்தால் அவன் தாங்கியிருப்பான். தப்பு மச்சான்மேல் என்றால் கொண்டாடியிருப்பான். இருவர்மேலும் என்றதும் எங்கே உட்காருவதென்று தெரியாதவனைப்போல நின்றான்.

"சரி, விடுங்க. நான் ஒண்ணு செய்யப்போறேன்," என்றாள் அவள்.

"என்ன செய்யப்போற?"

"விமானம். நானே செய்யறேன், நானே ஓட்டறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஓட்டுவது அவளுக்கு ஒன்றும் தெரியாத காரியம் அல்ல. கணவன் பழகுவதற்காக வாங்கி, இரண்டே நாளில் சலித்துப் போட்ட கணினி விளையாட்டு ஒன்று வீட்டில் இருந்தது. ரிமோட்டைக் கணினியில் செருகினால் திரையில் விமானம் பறக்கும். சாயங்காலம் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு உட்கார்ந்து அவள் அதைப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை விமானங்களை அவள் அந்தத் திரையில் உடைத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு உடைப்பது நின்றுபோனது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு மேசை அவள் பட்டறையானது. வரைபடத்தை விரித்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, சட்டம் சட்டமாக வெட்டி அடுக்கினாள். மரமும் மரமும் சேருகிற சின்ன இடங்களுக்குச் சாதாரண வெள்ளைப் பசையே போதும். எபாக்சி வேண்டியது பாரம் தாங்குகிற இரண்டு இடங்களுக்குத்தான்: மோட்டார் உட்காருகிற முன்பலகை, இறக்கையின் நடு. கணவன் வாசல்படியில் நின்று எட்டிப் பார்ப்பான். "அங்க புடிக்கட்டுமா?" என்பான். "வேணாம், டீ போட்டுக் குடுங்க," என்பாள். அவன் டீ போடுவதில் தேர்ந்துகொண்டிருந்தான்.

முன்பலகையில்தான் அவள் சறுக்கினாள். மழை பிடித்திருந்த நாள். குளிரில் பசை இறுக நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே, இறுகவைக்கிற ஹார்டனர் கொஞ்சம் கூடப் போனால் சீக்கிரம் இறுகிவிடும் என்று ஒரு கண்ணளவு அதிகமாக ஊற்றினாள். லென்ஸில் மயிரிழை பிசகினால் திருப்பி அனுப்புகிறவள் அவள். மறுநாள் நகத்தால் அழுத்தியதும் பசையில் ரப்பர் மாதிரி பள்ளம் விழுந்தது. ரெசினும் ஹார்டனரும் சரிக்குச் சரி சேர்ந்தால்தான் கல்லாகும். கூடப் போட்டது கடைசிவரை கூடவே நின்று எல்லாவற்றையும் கெடுக்கும். சாயங்காலம் சின்ன ரம்பத்தை எடுத்து, முன்பலகையை அறுத்துத் தனியாக எடுத்தாள். பிசுபிசுப்பை ஒட்டச் சுரண்டித் தள்ளிவிட்டுப் புதுப் பலகை வெட்டினாள். அவசரப்பட்ட கணவனைக் கேட்ட கேள்வி அவளுக்கே திரும்பி வந்தது. அவனிடம் அதைச் சொல்லவும் செய்தாள். "நானும் உங்கள மாதிரிதான் பண்ணேன்." அவன் பெரிய மனிதன்போல டீயை வைத்துவிட்டுப் போனான். ஆனால் உள்ளே போய் விசிலடித்தது கேட்டது.

இறக்கைக்கு அவள் வெயில் நாளாகப் பார்த்து உட்கார்ந்தாள். குழாயை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தாள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது. ஸ்பிரிட்டால் துடைத்தாள். அதன்பிறகு வெறும் விரல் அதன்மேல் படவிடவில்லை, உறை மாட்டிக்கொண்டாள். விரல் எண்ணெய் என்ன செய்யும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பசையில்லாமல் ஒரு தடவை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தாள். பிறகுதான் ஒரே அளவு மருந்துமூடிகள் இரண்டில் அளந்து, கிண்ணத்தின் ஓரத்தையெல்லாம் வழித்து வழித்துக் கலந்தாள். கணவன் போட்ட அவசரப் பசைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் கைக்குப் புரிந்தது. இது அவளை விரட்டவில்லை. தேனாக இளகி, துளைக்குள் குச்சியால் தடவத் தடவ மரத்துக்குள் இறங்கியது. குழாயைத் திருகித் திருகிச் செருகினாள். உள்ளே அடைபட்ட காற்று குமிழாக வெளியே வந்தது, பின்னாலேயே பசையும் விளிம்பில் வளையமாகப் பிதுங்கியது. பிதுங்கியதைத் துடைத்து, ஓர் இறக்கை நுனிக்குக் கீழே கட்டை வைத்து, சாய்வு சரிபார்த்து எழுந்தாள்.

இனித்தான் கஷ்டம். தொடக்கூடாது. கிண்ணத்தில் மிஞ்சிய பசையைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஆசை வரும்போதெல்லாம் அதைக் குத்திப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டைக் கணவனும் அவளும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

பசை கல்லானபிறகு இறக்கைமேல் மஞ்சள் படலத்தை இழுத்து ஒட்டிவிட்டு, தம்பிக்குப் போன் செய்தாள். "உன் ரிமோட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

"மாமா இருக்காரா?"

"இருக்காரு. வா."

வந்தான். வாசலில் செருப்பைக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. கணவன் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தான், ஆனால் பக்கம் திரும்பவில்லை. அவள் இருவரையும் கண்டுகொள்ளாமல் இரண்டு நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து நுனிகள் மட்டும் தாங்கும்படி வைத்தாள். நடுவில் ஒன்றும் இல்லை, காற்றுதான். ஒட்டின்மேல் மடித்த துண்டைப் போட்டு உப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"வானத்துல தெரியறத வீட்டுலயே தெரிஞ்சிக்கறேன்."

இறக்கை மெல்ல வளைந்தது. செய்தித்தாள் கீழே இறங்கியது. இன்னொரு பொட்டலம். படலத்தில் சுருக்கம் ஓடியது. தம்பி ஒரு காலை முன்னே வைத்தான். இன்னொன்று. 'டிக்' என்று எங்கோ ஒரு சத்தம்.

"போதும்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டவர்களைப்போல ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அவள் குனிந்து ஒட்டைப் பார்த்தாள். சத்தம் படலத்தில் வந்தது, ஒட்டில் இல்லை. கையிலிருந்த கடைசிப் பொட்டலத்தையும் மேலே வைத்தாள். வளைந்த இறக்கை வளைந்தபடி நின்றது.

"முப்பது நிமிஷமா?" என்று கேட்டான் தம்பி, அக்காவைப் பார்த்து.

"முப்பது நிமிஷம்தான்," என்றான் கணவன். "குழாய தேய்ச்சிருக்கா. நான் தேய்க்கல அப்ப."

தம்பி காதைச் சொறிந்துகொண்டான். "நானும் ரொம்பத்தான் இழுத்தேன் மாமா," என்றான்.

"ஹாரனும் அடிச்ச."

"அதுவும்தான்."

"டீ குடிக்கறியா? நல்லா போடுவேன் இப்ப."

மைதானத்தில் காற்று சீராக இருந்தது. இரண்டு ரிமோட்டுகளையும் தம்பி இணைத்தான். அவள் கையில் ஒன்று, அவன் கையில் ஒன்று. தடுமாறினால் அவன் ஒரு பொத்தானை அழுத்துவான், விமானம் அவன் வசம் போய்விடும். சுற்றி நின்றவர்களில் அன்று சிரித்தவர்களும் இருந்தார்கள். கணவன் விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி, காற்றுக்கு எதிரே நாலு எட்டு ஓடி வீசினான்.

திரையில் காற்று கிடையாது. முதல் திருப்பத்தில் விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, அவள் நினைத்ததைவிட அதிகமாகச் சரிந்தது. தம்பியின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனதை ஓரக்கண்ணால் கண்டாள். "இரு," என்றாள். விரல்களைத் தளர்த்தி, திருத்தினாள். விமானம் சொன்னதைக் கேட்டது. இரண்டு சுற்று சுற்றியபின் அவள் தோள்கள் இறங்கின. மூன்றாவது சுற்றில் அதை உயரே ஏற்றினாள், இன்னும் உயரே.

"அக்கா, எதுக்கு அவ்ளோ மேல?"

"அன்னைக்கு நீ பண்ணியே, அது."

"வேணாங்க்கா. பறந்துடுச்சு இல்ல, போதும்."

கணவன் மச்சான் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தான். அவள் மூக்கைக் கீழே தள்ளினாள். விமானம் விழத் தொடங்கியது. மோட்டார் சத்தம் ஊளையாக ஏறியது. புல்தரை அதை நோக்கி எழுந்து வருவதுபோல இருந்தது. யாரோ பின்வாங்குகிற காலடி கேட்டது. அவள் இழுத்தாள். வெட்டி இழுக்கவில்லை, ஆனால் தயங்கவும் இல்லை. இறக்கையின் இரு நுனிகளும் வில்லாக மேலே வளைவதை மூன்று பேரும் கண்டார்கள். தம்பியின் விரல் பொத்தானின்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. விமானம் தரையைத் தடவுவதுபோல வந்து, நிமிர்ந்து, அவர்கள் தலைக்குமேல் உறுமிக்கொண்டு போனது. கணவன் தன்னை அறியாமல் மச்சானின் தோளைப் பிடித்திருந்தான். பிடி இறுகியதில் தம்பி முகத்தைச் சுளித்தான், ஆனால் தோளை விலக்கிக்கொள்ளவில்லை.

"இறக்கறதுக்கு நான் வாங்கிக்கட்டுமாக்கா? இறக்கறதுதான் கஷ்டம்."

"பாத்துக்கறேன்," என்றாள்.

சூரியனுக்கும் அவர்களுக்கும் நடுவே விமானத்தைத் திருப்பினாள். மஞ்சள் படலத்துக்குள் வெயில் புகுந்தது. அவள் வெட்டிவைத்த சட்டங்கள் ஒவ்வொன்றும், மேலும் கீழுமாக, விளக்குக்கு எதிரே விரித்த விரல்கள் மாதிரி தெரிந்தன. நடுவில் மட்டும், குழாயும் பசையும் சேர்ந்த இடத்தில், வெளிச்சம் நுழையாத ஒரு கறுத்த பட்டை. அதைச் சுமந்துகொண்டு அது தாழ்ந்து, மெல்லத் தாழ்ந்து, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.