சாவி கொடுக்கிற வாட்ச்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் போடறேன்னு சொன்ன கலைமதியோட அப்பா, கடைசி வரைக்கும் போடவே இல்ல. போகட்டும், நாமே வாங்கிப் போடுவோம்னு சீட்டு கட்டி, ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்கு வந்துட்டா அவ. புருஷன் எல்லப்பன் அன்னிக்கும் ஓவர்டைம் போயிருந்தான்.

கடைக்காரர் பாண்டுரங்கன் கண்ணாடிப் பெட்டி மேல ரெண்டு வாட்ச் எடுத்து வெச்சார். ஒண்ணு கறுப்பு முகம், ஒண்ணு வெள்ளை முகம்.

"கறுப்பு ஆட்டோமேட்டிக்மா. கட்டிக்கினு கை வீசி நடந்தா தானா ஓடும், யாரும் தொடவே வேணாம். வெள்ளைக்கு தினம் சாவி கொடுக்கணும், மறந்தா நின்னுடும். விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நானா இருந்தா கண்ண மூடிக்கினு கறுப்ப எடுப்பேன்."

கலைமதி ரெண்டையும் மாத்தி மாத்திக் காதுல வெச்சுப் பாத்தா. கறுப்பு அடக்கமா ஓடிச்சு. குலுக்கினா உள்ள ஏதோ வழுக்கிச் சுத்தற மாதிரி இருந்துது. வெள்ளைக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, டிக் டிக்னு விடாம பேசுச்சு. அழகுன்னு பாத்தா கறுப்புதான். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா 'யாரும் தொடவே வேணாம்'னு அவர் சொன்னது அவளுக்கு முள்ளா குத்துச்சு.

அவளுக்கு எப்பவும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அவனுக்கு எப்பவும் செகண்ட் ஷிஃப்ட், வேற வேற கம்பெனி. அவன் வூட்டுக்கு வரும்போது அவ தூங்கிடுவா. அவ கிளம்பும்போது அவன் தூங்கிக்கினு இருப்பான். வல்லம் வடகால்ல ஒரே ரூம் வூடு, நடுவுல மாமியார் கங்கம்மாள், அந்தப் பக்கம் கொழுந்தன். மத்தியானம் தண்டலத்துகிட்ட ரெண்டு கம்பெனி பஸ்ஸும் எதிரெதிரா போகும். ஜன்னல்ல அவனைத் தேடுவா. நாலு மாசத்துல ரெண்டே தரம் தெரிஞ்சான், அதுல ஒண்ணு வேற ஆளாக்கூட இருக்கலாம். அட, சண்டை போடக்கூட நேரமில்லாத புருஷன் பொண்டாட்டி எங்கனா உண்டா?

வெள்ளை வாட்ச்சோட சாவியை விரல்ல பிடிச்சு லேசா திருகினா. பஜார் இரைச்சல் அப்படியே தூரமா போயிடுச்சு. விடியாத நேரம், நீலமா ஜீரோ வாட் பல்பு, ஒருக்களிச்சுப் படுத்திருக்கிற எல்லப்பன். அவன் தலைமாட்டுல இருந்து வாட்ச்சை எடுத்து இருபது திருகு திருகறா. அந்த இருபது திருகும் அவன் கையில ஏறி பஸ்ஸுல போகுது, கம்பெனி லைன்ல நிக்குது, அவன் டீ குடிக்கும்போது கூடவே உக்காந்திருக்குது. ராத்திரி வரைக்கும் அவன்கூடவே ஓடிக்கினு கீது.

"இன்னாம்மா, எது?"

"வெள்ளையே குடுங்கண்ணா."

"யோசிச்சுக்கோம்மா. தினம் சாவி கொடுக்க அவருக்கு நேரமிருக்குமா?"

"அவரு எதுக்குக் கொடுக்கணும்? நான் கொடுப்பேன்."

அன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி வாட்ச்சை எல்லப்பன் தலைமாட்டுல வெச்சா. மறுநாள்ல இருந்து அவன் கட்டிக்கினு போனான். அவளும் தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அவன் முகத்தப் பாத்துக்கினே நிதானமா இருபது திருகு கொடுத்துட்டு, அஞ்சேகால் பஸ்ஸுக்கு ஓடினா. மூணு வாரம் இப்படியே போச்சு. என்ன சந்தோஷம் தெரியுமா அவளுக்கு, சொன்னா சிரிப்பீங்க!

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை, சாவி திரும்பல.

மறுபடி திருகினா. ஒரு நூல்கூட அசையல. ஐயையோ, போச்சு! ஆசையில அதிகமா முறுக்கி உடைச்சுட்டோம்! கங்கம்மாள் முழிச்சுக்கப் போறாளேன்னு வாயைப் பொத்திக்கினா. கண்ணு மட்டும் கேக்கல, பொலபொலன்னு கொட்டுச்சு.

"அழுவாத. ஒடையல."

கீழ பாய்ல இருந்து எல்லப்பன் கிசுகிசுத்தான். கண்ணு முழுசா திறந்திருந்துது.

"இப்பதான் நானே ஃபுல்லா கொடுத்து வெச்சேன். ஃபுல்லா ஏறிட்டா திரும்பாது."

"தூங்காம இன்னாய்யா பண்ற?"

"தினமும் இந்நேரத்துக்கு முழிச்சுக்கினுதான் கீறேன். கண்ணத் திறந்தா வெக்கப்பட்டு ஓடிடுவியோன்னு பாத்தேன். அது திரும்பலன்னா நீ கொஞ்ச நேரம் நிப்பியோன்னு தோணுச்சு."

கலைமதி அவன் பக்கத்துல பொத்துனு உக்காந்துட்டா. கையில வாட்ச் இருந்துது, ரெண்டு பேரும் அதைப் பாக்கல. தெருமுனையில அஞ்சேகால் பஸ் வந்து நின்னு, ரெண்டு தரம் ஆரன் அடிச்சுட்டுப் போயிடுச்சு.