ஷில்பா வரும்வரை குளிர வேண்டும்

அப்பாவின் கால்மாட்டில் உதய் குப்புறக் கிடப்பதைப் பார்த்து வாசலில் இருந்த பெண்கள் புதிதாக ஒரு சுற்று அழுதார்கள்.

"பையன் எப்டித் துடிக்கிறான் பாரும்மா" என்றாள் எதிர்வீட்டுத் தாயம்மா.

உதய் துடிக்கவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் அடியில் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடியது. குளிரத்தான் இல்லை.

காலையில் பெட்டி வந்து கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டது. அப்பா தங்கவேலுவின் முகம் பார்க்க வந்தவர்கள் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். இப்போது மத்தியானம். கண்ணாடி ராபர்ட்சன்பேட்டை நகைக்கடை ஷோகேஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது. எல்லோரும் திருப்தியாக முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். பனி இல்லையென்றால் குளிர் இல்லை என்பது உதய்க்கு மட்டும் தெரிந்தது.

பெட்டி வாடகைக்கு விடும் நேசமணிக்குப் போன் செய்தான்.

"வேற பொட்டி இல்ல தம்பி. இன்னைக்கு ஊர்ல பிசி" என்றார் நேசமணி, கல்யாண மண்டபக்காரர் குரலில்.

அப்பாவோடு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த சித்தப்பா பாண்டுரங்கன் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாடா, தாங்காதா? அப்போ எடுத்துடலாம். நம்ம பாலகாட் ஏரியாவே பாத்துட்டுப் போயிடுச்சு. இன்னும் யாருக்கு?"

"ஷில்பாவுக்கு."

"அவ எங்க இருக்கா?"

"ஏர்போர்ட்ல எறங்கிட்டா. வந்துக்கினு இருக்கா."

தங்கை ஷில்பா ஆண்டர்சன்பேட்டை நோயலைக் கட்டிக்கொண்டு புனே போன நாளிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை. தவிர்க்க முடியாதபோது 'புனேகாரி' என்பார். போன வாரம், இரண்டு இருமலுக்கு நடுவில், "அவள ஒருவாட்டி வரச் சொல்லு" என்றார். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டாள். அப்பா தேதியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

காரில் ஏசி காஸ் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது உதய்க்குத் தொழில். இந்தப் பெட்டிக்கும் அதே காஸ்தான். பைக்கில் போய்க் கடையைத் திறந்து சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தான்.

"கொள்ளி வெக்கிற புள்ள ஸ்பானர் புடிக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி கூட்டத்தைச் சுற்றி வந்து கடைசியில் அம்மாவிடம் நின்றது.

காலையிலிருந்து வாயே திறக்காத பார்வதம்மா, "அவ பாக்கட்டும். நீ பாருடா" என்றாள்.

லீக் கண்டுபிடிக்கும் மிஷின் ஊதுபத்திக்குக் கத்தியது, ரோஜாமாலைக்குக் கத்தியது, சித்தியின் சென்ட்டுக்கு இன்னும் பலமாகக் கத்தியது. ஒப்பாரி வைத்தவர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதை அணைத்துப் பையில் போட்டான். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, பைப் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தான்.

அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குமிழி வந்தால் அங்கே ஒழுகுகிறது. வராவிட்டால் நல்லது. விடிகாலையில் அப்பாவின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு அவன் காத்திருந்ததும் இப்படித்தான். ஒன்றும் வரவில்லை.

காஸ் ஏற்றுகிற வால்வில் ஒரு குமிழி எழுந்தது. மிளகாக இருந்தது சுண்டைக்காயாகி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அந்த வால்வுக்கு மூடி இல்லை.

"இதுக்கு ஒரு மூடி இருந்திருக்குமே?"

பாண்டுரங்கன் மெல்லக் குந்தி அவன் காதருகே வந்தார்.

"நான்தாண்டா. காலைல கண்ணாடில ஒரே தண்ணி. லைன்ல தண்ணி பூந்துடுச்சுன்னு நெனச்சேன். மைன்ல டிரில்லு மாட்டறதுக்கு மின்ன காத்து லைன தொறந்து ஊதி உடுவோம், தண்ணி வெளிய பூடும். உங்கப்பன் கத்துக்குடுத்தது. இங்கயும் மூடியக் கழட்டி, வால்வு உள்ள இருந்த ஊசிய ஒரு அமுக்கு அமுக்கினேன். புஸ்ஸுன்னுச்சு. நல்லாத்தான் ஊதுதுன்னு..."

"எதுக்கு சித்தப்பா?"

"அண்ணன் மொகமே தெரியலடா."

"இன்னா ஆச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல. வால்வு பழசு" என்றான் உதய், எல்லோருக்கும் கேட்கும்படி.

அமுக்கிய ஊசி திரும்பி ஒழுங்காக உட்காரவில்லை, அவ்வளவுதான். மிச்சக் காஸையும் வெளியேற்றி, காருக்குப் போடும் ஊசியைப் போட்டு, பம்ப் வைத்து உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, புது காஸ் ஏற்றினான். திரும்பவும் சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை. வரவில்லைதானா என்று தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் முகத்துக்கு நேரே ஒரு உள்ளங்கை விரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு குட்டி மூடி.

"நீங்களே போடுங்க" என்றான்.

பாண்டுரங்கன் குனிந்து திருகினார். மூடி இரண்டு தடவை மரையில் பிடிக்காமல் வழுக்கி, மூன்றாவதில் பிடித்தது.

கண்ணாடியின் ஓரங்களிலிருந்து பனி ஏறியது. முதலில் கால் மறைந்தது, பிறகு மாலை, பிறகு முகம். இப்போது வந்தவர்கள் முகம் தெரியவில்லை என்று முணுமுணுத்தார்கள். உதய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் காது குளிரக் கேட்டான்.

வெயில் தாழ்ந்தபோது தெருமுனையில் டாக்சி நின்றது. நோயல் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டான். ஷில்பா ஓடி வந்து பெட்டியின் முன்னால் நின்றாள். உள்ளே எதுவும் தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்தாள். நெற்றி, மூக்கு, மீசை. பார்த்து முடிப்பதற்குள் பனி மூடியது. திரும்பத் துடைத்தாள். மூடியது. துப்பட்டா நனைந்து, துடைத்த இடமெல்லாம் கலங்கியது.

பாண்டுரங்கன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, காய்ந்த முனையாகப் பார்த்து அவளிடம் நீட்டினார்.