எண்ணுப் பெட்டி

கிருஷ்ணன் சார் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கியபோது ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். போளூர்க்காரர், இன்ஜினியரிங் படித்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அளந்து பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். கற்பதை அளக்க அது என்ன துணியா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பாஞ்சாலி, ஊர் சந்தவாசல். எழுபத்தொன்பதாம் வருஷம் புதூர்நாட்டில் முதியோர் வகுப்பு டீச்சர். என் கரும்பலகைக்குப் போட்டியாக எது வந்தாலும் எனக்குப் பிடிக்காது.

பெட்டியைத் திறந்து காட்டியதும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. உள்ளே பழைய சைக்கிள் பல்சக்கரம், வெளியே ஒரு கைப்பிடி, முகப்பில் சின்ன ஜன்னல். கைப்பிடியை அழுத்தினால் ஜன்னலில் 1 வரும். இன்னொரு தடவை அழுத்தினால் 2. என் வகுப்புப் பெண்களுக்கு வாயால் எண்ணத் தெரியும், எழுதிய எண்தான் தெரியாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடித்துவிடலாம் என்பது அவர் யோசனை.

"சாமையைப் படியால அளந்து கொட்டுங்க. ஒவ்வொரு எண்ணு சொல்றப்பவும் கைப்பிடிய அழுத்தி ஜன்னலைப் பாருங்க," என்றார்.

அவர்களில் அம்சவல்லி அந்தப் பெட்டியை விடவே இல்லை. அவளுக்குக் காரணம் இருந்தது. அறுவடை முடிந்ததும் கூட்டுறவு சங்கம் மலைச் சாமையைக் கொள்முதல் செய்யும். அளக்க எப்போதும் கீழேயிருந்துதான் ஆள் வருவார். எண் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் இந்த முறை பரீட்சை வைத்து மலையிலேயே ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். "எங்க சாமைய எங்க கை அளக்கணும் டீச்சர்," என்பாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டுமென்று நான் வேண்டாத சாமி இல்லை.

சில வாரம் கழித்துக் கரும்பலகையில் 5 என்று எழுதி இது என்ன என்று கேட்டேன்.

"ஆறு," என்றார்கள் எல்லோரும்.

8 எழுதினேன். ஒன்பது என்றார்கள். அம்சவல்லியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தினமும் வகுப்பில் தூங்கிவழியும் மங்கம்மாள் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பெட்டியை அடுப்புல வெச்சிடலாம் சார்," என்றேன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொருவர் பதிலுக்கும் ஒரு புள்ளி வைத்தார். மங்கம்மாளின் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. மற்றவர்களுடையவை ஒரே கோட்டில் நின்றன.

"தெரியாம செய்யற தப்பு இப்படி வரிசையில நிக்காது டீச்சர். இவங்க எதையோ ஒழுங்காத்தான் கத்துக்கிட்டிருக்காங்க. அது இன்னான்னு பாக்கணும்."

எனக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. மறுநாள் இருவரும் அம்சவல்லியின் களத்துக்குப் போனோம். அவள் சாமையை அள்ளி முதல் படியைக் கொட்டினாள். "லாபம்," என்றாள். அடுத்த படிக்கு, "ரெண்டு," என்று கைப்பிடியை அழுத்தினாள். ஜன்னலில் 1 வந்து நின்றது.

சார் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"லாபத்துக்கு ஏங்க்கா அழுத்தல?"

"எண்ணு சொல்றப்ப அழுத்துன்னு நீங்கதானே சொன்னீங்க. லாபம் எண்ணா இன்னா?"

ரெண்டுக்கு 1, ஆறுக்கு 5 என்று எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப் பதிந்திருப்பது புரிந்ததும் அவள் முகம் செத்துப்போனது. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. "மங்கம்மா தேவல. ஒண்ணும் கத்துக்கல. நான் கத்துக்கினத எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?" என்று அழுதாள்.

"இனிமே ஒண்ணுன்னே ஆரம்பிச்சிடு," என்றேன்.

"உங்க வூட்ல மொதப் படிய ஒண்ணுன்னு சொல்வாங்களா டீச்சர்?"

சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் முதல் படி லாபம்தான்.

"அவங்க மாற வேணாம், பெட்டி மாறட்டும்," என்றார் சார். தகரத்தில் ஒரு புனல் செய்து பெட்டிமேல் பொருத்தினார். கொட்டுகிற சாமையே கைப்பிடியை அழுத்திவிடும். வாய் எதைச் சொன்னாலும் பெட்டி படியை மட்டும்தான் எண்ணும். சக்கரத்தில் 1 இருந்த இடத்தில் லாபத்துக்கு அடையாளமாக அம்சவல்லி மஞ்சள் பூசினாள். அதன் பிறகு அவள் வீட்டில் சாமை கொட்டுகிற சத்தம் ஓயவில்லை.

பரீட்சைக்குப் பெட்டியைக் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார் சங்கத்து அதிகாரி பஞ்சாட்சரம். குவித்திருந்த சாமையை அம்சவல்லி அளந்து முடித்தாள்.

"எவ்ளோன்னு எழுதும்மா," என்று சிலேட்டை நீட்டினார்.

அவள் வலது கை, பெட்டியின் கைப்பிடியை அழுத்துவதுபோல முழங்காலை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது. உதடு அசைந்தது. பழைய பழக்கத்தில் 6 என்று எழுதிவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் 7 என்று எழுதினாள்.

"சரியான்னு நானே பாத்துடறேன்," என்று அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியை எடுத்தார். முதல் படியைக் கொட்டினார்.

"லாபம்," என்றது அவர் வாய்.

கிருஷ்ணன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்சவல்லி சிரிக்கவில்லை. "அதையும் எழுதட்டுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, சிலேட்டில் 7-க்குக் கீழே 1 என்று நேராக ஒரு கோடு போட்டாள்.

அதிகாரி அந்த 1-ஐப் பார்த்தார். மீதியை அளக்கவில்லை. படியை அவள் கையில் கொடுத்துவிட்டார்.